அரைப் புள்ளி

ஆசை ஆசையாய் வாங்கிய குட்டி லேப்டாப் அது. வைட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். திரை சின்னது, துல்லியமோ அபாரம். அதில் லினக்ஸ் போட்டதும்தான் வேடிக்கை ஆரம்பித்தது. திரையில் தெரிபவற்றின் அளவை நூறு சதவீதத்தில் வைத்தால் எழுத்து எறும்பு. இருநூறில் வைத்தால் யானை. 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே எங்கோ போய்விடும். நூற்றைம்பதில் அளவு கச்சிதம், ஆனால் பழைய மென்பொருள்களில் எழுத்தெல்லாம் புகை மூட்டம்.

ஏன் என்று குடைந்தேன். எனக்கு ஒன்று புரியாவிட்டால் சோறு இறங்காது. கடைசியில் பிடிபட்டது: ஒரு புள்ளி அகலக் கோட்டை ஒன்றரைப் புள்ளி ஆக்கச் சொன்னால் திரை பாவம் என்ன செய்யும்? அதனிடம் அரைப் புள்ளி கிடையாது. பக்கத்துப் புள்ளியில் கொஞ்சம் சாம்பலைப் பூசிச் சமாளிக்கிறது. இந்த ஊர் வழக்கப்படி ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரித்துப் போ! கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். உனக்கு வெள்ளெழுத்து வந்துடுச்சு. கண்ணாடி போடு."

"திரையில கோளாறுங்கறேன், என் கண்ணைப் போய் சொல்றீங்க!"

எனக்கு வந்ததே கோபம். அவருக்கு அன்று டீ ஆறித்தான் கிடைத்தது.

அந்த வாரம் எங்கள் மர்பி டவுன் தமிழ்ச் சங்கத்தில் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு உதவி கொடுக்கும் விழா. சங்கச் செயலாளர் தம்பி பேனரின் மாதிரியை அனுப்பி, "அக்கா, ஒரு தடவ பாத்து ஓகே சொல்லுங்க. பேரெண்ட்ஸ் எல்லாரும் வராங்க, தப்பு கிப்பு வந்துடப் போவுது" என்றார். இந்த ஏரியாவில் தமிழ்ப் பிழை திருத்த என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. சனிக்கிழமை காலை நூற்றைம்பதில் வைத்துப் படித்தேன். ஓகே என்று அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு, விழா நாள் காலையில் அதை மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நம்ம சங்கம் எப்பலேர்ந்து இந்த உதவியெல்லாம் பண்ணுது?"

"எந்த உதவி?"

"நீயே படி."

படித்தேன். கல்வி உதவி விழா. சரியாகத்தானே இருக்கிறது? அவர் லேப்டாப்பைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கலவி உதவி விழா. அடக் கடவுளே! 'ல'வுக்கு மேலே புள்ளி இல்லை.

ஒரு நிமிடம் எனக்கே குழப்பம். புள்ளியைத் தின்றது திரையா, கண்ணா, தட்டச்சு செய்தவரா? அளவை நூறுக்கு மாற்றி, எழுத்தை மட்டும் பெரிதாக்கினேன். பளிச்சென்று வந்தது. அடியோடு புள்ளியே வைக்கவில்லை. புகைமூட்டத்தில் மங்கிய புள்ளிகளை எல்லாம் மனதுக்குள் நானே வைத்துப் படித்துப் பழகியிருந்தேன். இல்லாத புள்ளியையும் அப்படியே வைத்துவிட்டேன்.

போன் போட்டேன். "தம்பி, நிறுத்துங்க!"

"ஃபிளெக்ஸ் கைக்கு வந்துடுச்சே அக்கா. ஹால்ல மாட்டிக்கிட்டு இருக்கோம்."

என் ஓகேயை நம்பி அச்சடித்தது. அத்தனை அம்மாக்களும் பிள்ளைகளும் அதன் கீழே நின்றுதான் போட்டோ எடுப்பார்கள். அப்புறம் இந்தத் தெருவில் நான் எப்படித் தலை காட்டுவது? செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் கூட்டம் வரவில்லை. பேனரில் மெரூன் எழுத்து. தம்பிக்கு விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்தது. "மார்க்கர் இருக்கா?" என்றேன். நீலம்தான் இருந்தது. வியர்வையைத் துடைக்க நெற்றிக்குக் கை போனது. விரலில் என் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. மெரூன், நல்ல பெரிய வட்டம்.

நாற்காலியில் ஏறினேன். கிட்டப் போனால் எழுத்து கலங்கியது. இங்கே குற்றம் சொல்லத் திரையும் இல்லை. தலையைப் பின்னால் இழுத்து, கையை முழுசாக நீட்டி, 'ல'வின் உச்சியில் பொட்டை அழுத்தினேன்.

"சரியா இருக்கா அக்கா?"

இறங்கிப் பின்னால் போனேன். இன்னும் கொஞ்சம் போனேன். கல்வி. அப்படியே வாசலைத் தாண்டி, வெறும் நெற்றியோடு கண்ணாடிக் கடைக்கு நடந்தேன்.