இருக்கா என்று கேட்ட நார்பர்ட்

ஷெபாய்கன் நகரத்துக்கு நார்பர்ட் ஹூப்னர் ஆற்றிய தொண்டுகள் இரண்டு. குளிர்காலம் தோறும் பனி ஒதுக்கும் லாரியை ஓட்டி, சாலையில் கிடந்த பனியையெல்லாம் சிந்தாமல் சிதறாமல் அள்ளி, அப்போதுதான் வாசலைச் சுத்தம் செய்து முடித்து நிமிர்ந்தவர்களின் வாசலில் கொண்டுபோய்க் குவித்தது முதல் தொண்டு. அதற்கு அவருக்குக் கிடைத்த வாழ்த்துகளை அச்சில் ஏற்ற முடியாது. இரண்டாவது தொண்டு, டெல்மர் ஃபோகல் வீட்டு நிலவறையில், வியாழக்கிழமை மாலைகளில், ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு ஒரு நாட்டையே உண்டாக்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை. நின்றுபோன பிறகும் கவனிக்கவில்லை.

நிலவறையில் நடந்தது ஒரு மேசை விளையாட்டு. வயது வந்த நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, இல்லாத நாட்டுக்குப் போய், இல்லாத பூதங்களிடம் உண்மையான கவலையோடு அடி வாங்குவார்கள். பிளம்பர் டெல்மர்தான் கதையைச் சொல்லி நடத்தும் மாஸ்டர். அவர் வாயால் சொன்னதுதான் மலை, அவர் சொன்னதுதான் மழை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வீரன். பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கும் ஜானெல் அங்கே ஒரு சூனியக்காரி; இரண்டு வேலைக்கும் அதிக வித்தியாசமில்லை என்று அவளே சொல்வாள். பௌலிங் அரங்கு நடத்தும் லைல் ஒரு வில்லாளி. வில் எய்யும்போது மட்டும் பேசுவார். நார்பர்ட்டின் ஆள் குந்தர் என்ற குள்ளன். தாடி நீளம், கோடரி அதைவிட நீளம்.

அந்த நிலவறைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எந்த இடத்திலும் யார் வேண்டுமானாலும் ஒரு பொருளைச் சொல்லி, இருக்கா என்று கேட்கலாம். மாஸ்டர் ஒரு வாய் பீர் குடித்துவிட்டு, “இருக்கு, ஆனா...” என்று தொடங்க வேண்டும். இல்லை என்ற சொல்லுக்கு அங்கே அனுமதி கிடையாது. ‘ஆனா’வுக்குப் பின்னால் என்ன தொல்லை வருகிறது என்பது டெல்மரின் பாடு.

இந்தச் சட்டத்தை நார்பர்ட் போல் யாரும் பயன்படுத்தியதில்லை. ஒருமுறை எல்லோரும் பாதாளச் சிறையில் கிடந்தார்கள். கதவுக்கு முன்னூறு காவலர்கள். லைல் தற்கொலை செய்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நார்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: “இங்க சீஸ் இருக்கா?”

டெல்மர் வழக்கத்தைவிட நீளமாகக் குடித்தார். “இருக்கு. ஆனா அதை ஒரு எலி கல்யாணம் பண்ணிக்கிச்சு.”

அந்த எலிக்குச் சீஸ்மேல் இருந்தது பசியல்ல, பக்தி. ஜானெல் அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்தாள். லைல் அதற்கு ஒரு தொப்பி செய்தார். சில ஆண்டுகளில் அது அந்த நாட்டின் ஆயராகி, அரசனுக்கே பாவமன்னிப்பு வழங்கியது. எல்லாம் ஒரு கேள்வியால் வந்தது.

பிறகு நார்பர்ட்டுக்குக் கண் கெட்டது. பார்வையின் நடுவே ஒரு கறை வந்து உட்கார்ந்தது. ஓரங்கள் மட்டும் மிஞ்சின. எதிரே இருந்த டெல்மரின் முகம் மறைந்து காதுகள் மட்டும் தெரிந்தன. அதை அவர் பெரிய நஷ்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரி ஓட்டும் வேலையை விட்டபோது மட்டும் முதுகுவலி என்று ஊரில் சொன்னார். முதுகுவலி கௌரவமான நோய். பாதி ஊருக்கு அது இருந்தது, மீதிப் பாதிக்கு அது தேவைப்பட்டது. கண் என்றால் அப்படியில்லை. அக்கம்பக்கத்தார் மூடிபோட்ட பாத்திரத்தில் நூடுல்ஸ் கொண்டுவருவார்கள், கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைப்பார்கள், சத்தமாகப் பேசுவார்கள். நார்பர்ட்டுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான்: வியாழக்கிழமை நாற்காலி தமக்கு இரக்கத்தால் கிடைப்பதாக ஆகிவிடக் கூடாது.

ஆகவும் இல்லை. நிலவறையில் கண்ணுக்கு வேலையே இல்லையே. டெல்மர் சொன்னார், இவர் பார்த்தார். ஆட்டத்தில் உருட்ட எலுமிச்சம்பழம் அளவுக்குப் பகடைக்காய் வாங்கிக்கொண்டார். விழுந்த எண்ணை ஜானெல் கேலியோடு சத்தமாகப் படித்துவிடுவாள். உலகத்திலேயே அவருக்கு எல்லாம் முழுசாகத் தெரிந்த ஒரே இடம் அந்த இருட்டறைதான்.

அங்கேதான் முன்னேற்றம் வந்து சேர்ந்தது.

டெல்மர் ஒரு பெரிய டிவியை வாங்கி, மேசையை அறுத்து, அதை மல்லாக்கப் பதித்தார். கணினியில் ஒரு நிரலுக்குச் சந்தா கட்டினார். அது கோட்டையை வரைந்தது, தீப்பந்தத்தை ஆடவிட்டது, சுவரில் நீர் சொட்டும் ஓசையை எழுப்பியது, பகடையைக்கூடத் தானே உருட்டியது. சத்திரக்காரனின் பெயர் வேண்டுமானால் பெயர், அவன் பேச வேண்டுமானால் பேச்சு, எல்லாம் தட்டினால் வந்தது. பிளம்பருக்கு முதல்முறையாகக் குழாயைத் தொடாமலே தண்ணீர் வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதமாம். நார்பர்ட்டுக்குக் காதுகள் சிவந்தது மட்டும் தெரிந்தது.

“எப்படி இருக்கு, நார்ப்?”

நார்பர்ட் குனிந்தார். ஓரத்தில் வெளிச்சம், நடுவில் கறுப்பு. நண்பனின் குரலில் இருந்த குழந்தைத்தனத்தைக் கேட்டார்.

“நல்லா தெரியுதுடா,” என்றார்.

அன்றே ஒரு மாளிகைக்குள் நுழைந்தார்கள். எப்படிப்பட்ட மாளிகை என்று டெல்மர் சொல்லவில்லை. சொல்வானேன், அதுதான் தெரிகிறதே. நார்பர்ட் வழக்கம்போல் கண்ணை மூடி, மாடிப்படிக்கு அடியில் ஒரு தொட்டில் இருக்கா என்று கேட்டார். டெல்மர் பீரைத் தொடவில்லை. திரையைப் பார்த்தார். கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார்.

“படத்துல இல்லையே, நார்ப்.”

அந்த நிலவறையில் அந்தச் சொல் விழுந்தது அதுவே முதல்தடவை. யாரும் திடுக்கிடவில்லை. ஜானெலும் கேட்பதை விட்டாள். இருப்பதெல்லாம் கண்முன் இருக்கும்போது கேட்பது பைத்தியக்காரத்தனம். ஆட்டம் வேகமெடுத்தது. ஆறு வாரம் பிடிக்கும் யுத்தம் அரைமணியில் முடிந்தது, மிச்ச நேரத்தில் வீட்டுக் காப்பீடு பற்றிப் பேசினார்கள். ஆயர் எலிக்குப் படம் கிடைக்காததால் அவர் நிரந்தர ஓய்வில் வைக்கப்பட்டார்.

நார்பர்ட் பிழைக்க வழி கண்டுபிடித்தார். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு, அதற்கு ஒரு அடி பின்னால் நடந்தார். “நானும் அதேதான்” என்பது அவருடைய வசனமாயிற்று. நார்ப் டல்லாயிட்டான், முதுகுவலி போல என்று டெல்மர் ஜானெலிடம் சொன்னார்.

பின்னால் நடப்பவன் ஒருநாள் முன்னால் போகத்தான் நேரும். ஒரு குகையில் எல்லோரும் சும்மா நின்றார்கள். திரை நடுவே, செக்கச்செவேலென்று, பாதி மேசையை அடைத்துக்கொண்டு ஒரு குழி கொதித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய குழியைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் நார்பர்ட்டுக்குப் பழைய குந்தர் ஞாபகம் வந்துவிட்டான்.

“குந்தர் நேரா முன்னாடி போறான்,” என்றார்.

“என்ன நார்ப், கண்ணு அவிஞ்சு போச்சா?” என்று ஜானெல் சிரித்தாள்.

நார்பர்ட் கணக்குப் போட்டார். இப்போது சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். நூடுல்ஸ் பாத்திரங்கள் வரிசையாக வருவது தெரிந்தது. அதற்குக் கண் தேவைப்படவில்லை.

“தெரிஞ்சுதான்டி போறேன்.”

குந்தர் போனான். நிரல் எக்காளம் ஊதி ஒரு மண்டை ஓட்டைக் காட்டியது. ஒரு பட்டன் அழுத்தினால் திரும்பி வந்துவிடுவான் என்று டெல்மர் சொல்லிப் பார்த்தார். வேண்டாம், போனவன் போகட்டும் என்றார் நார்பர்ட்.

வீரன் செத்தால் அந்த நிலவறையில் கருமாதி உண்டு. அடுத்த வியாழன், ஆளை இழந்தவர் கொல்லையில் கரியடுப்பு மூட்டி எல்லோருக்கும் சாசேஜ் சுட்டுப் போட வேண்டும். ஷெபாய்கனில் இது விளையாட்டு விஷயமில்லை. அங்கே பிறந்த பிள்ளை நடக்கக் கற்கும் முன் சாசேஜைக் குத்தாமல் இடுக்கியால் புரட்டக் கற்கும். பிறருக்குப் பச்சையாகப் பரிமாறியவனின் பேரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவார்கள்.

நார்பர்ட் தாமே மூட்டினார். கரியைத் தடவித் தடவி ஒரு பக்கமாகக் குவித்தார். பிறகு சாசேஜ்களை, கண்ணின் ஓரத்தில் தெரிந்த கம்பிகளின்மேல், அழகாக அடுக்கி வைத்தார். அது கரியே இல்லாத பக்கம். இடுக்கியோடு நின்று, பொறுமையாக, நேரம் பார்த்துப் புரட்டிக்கொண்டிருந்தார். நெருப்பு அந்தப் பக்கம் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

ஜானெல் பீரோடு படியில் நின்று பார்த்தாள். கேலி செய்ய வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கிட்டே வந்து, மெல்ல, அவருடைய முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். நார்பர்ட் புரட்டிக்கொண்டே இருந்தார்.

“எத்தனை நாளா, நார்ப்?”

“அந்த டிவிக்கு முன்னாடியிலேர்ந்து,” என்றார். “டெல்கிட்ட சொல்லாதே.”

சொன்னாள். டெல்மர் சாசேஜ்களை நெருப்புப் பக்கம் நகர்த்தினார். பிறகு, அடுத்த வாரம் அந்தச் சனியனை அணைத்துவிடுவதாகவும், பழையபடி வாயால்தான் ஆட்டம் என்றும் சொன்னார். வேண்டாம் என்று நார்பர்ட் எவ்வளவோ மறுத்தார். ஆனால் அந்த ஒரு வாரம் அவர் வீட்டில் தனியாக இருந்தபடி குந்தருக்குப் பதிலாக ஆட அவனுக்கு ஒரு தங்கையை உண்டாக்கி, அவளுக்குப் பெயரும் குணமும் கோபமும் தயார் செய்தார். சமையலறையில் அவள் குரலில் பேசிப் பார்த்தார்.

வியாழன் வந்தது. திரை இருண்டிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். டெல்மர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு அறை,” என்றார். “முப்பதுக்கு இருபது அடி. வடக்கே ஒரு கதவு.”

அவ்வளவுதான். அவருக்கு அடுத்தது வரவில்லை. வராது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஜானெல் தன் விரல்களைப் பார்த்தாள். லைல் இருமினார்.

நண்பனைக் கைதூக்கிவிட நார்பர்ட்டுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டார்.

“டெல், அந்த அறையில கிணறு இருக்கா?”

பீர் விழுங்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டார். அது வரவில்லை. வேறு ஒன்று வந்தது. மேசைக்கு அடியில், மடியில் வைத்த கைபேசியிலோ எதிலோ, விரல்கள் மிக மெதுவாகத் தட்டும் ஓசை. பிறகு டெல்மர் பேசினார். தங்குதடையில்லாமல், பிளம்பர்கள் பேசாத மொழியில் பேசினார். பாசி படர்ந்த பழங்காலக் கிணறாம். அதன் ஆழத்தில் மறக்கப்பட்ட ரகசியங்கள் முணுமுணுக்கின்றனவாம். ‘ஆனா’ மட்டும் வரவில்லை.

படித்து முடித்ததும் அவர் குரல் பழையபடி சிறுத்தது.

“எப்படி நார்ப், பரவாயில்லையா?”

நார்பர்ட் அந்தத் திசையில் திரும்பினார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறை. இரண்டு பக்கமும் காதுகள், பயந்துபோய்க் காத்திருந்தன.

“நல்லா தெரியுதுடா,” என்றார்.