வலது சுவிச், இடது தகடு

என் மேசை லாச்சியின் அடியில், பழைய கடவுச்சீட்டுகளுக்குக் கீழே, போன ஞாயிறு வரை ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. எட்டே பக்கம். ஐந்தாம் பக்கத்தில் ஒரு படகின் பின்பக்கப் படம் இருக்கிறது. அதன்மேல் கிறீஸ் விரல் பதிந்த கறை. கறைக்குக் கீழே ஒரு வரி. பதினேழு வருடமாக அந்த வரியை நான் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். பிள்ளைகளே, பெரியவர்களும் பயத்தில் பொருட்களை ஒளித்து வைப்பார்கள். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

புத்தகம் என்னுடையதல்ல, கப்டன் அண்ணையுடையது. லண்டனில், வால்தம்ஸ்டோப் பகுதியில் வசித்து, டபுள் டெக்கர் பஸ் ஓட்டியவர். பஸ்ஸைக் கப்பல் மாதிரி மெல்ல வளைத்துத் திருப்புவார் என்பதால் எங்கள் ஆட்கள் வைத்த பட்டம் அது. ஊரில் ஒரு தீவில் பிறந்து தகப்பனின் படகில் வளர்ந்தவர். லண்டனிலும் படகில்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. பதினாறு அடியில், பின்னால் எஞ்சின் தொங்கும் பழைய படகொன்றை வாங்கினார். நான் லண்டனின் மிச்சம் பகுதியில் சின்னக் கடை வைத்திருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் அவர் கூப்பிட்டால் மறுக்க மாட்டேன். எட்டு வயதான என் மகளும் கூட வருவாள்.

அந்தப் படகுக்கு ஒரு குணம் இருந்தது. கொஞ்சம் வேகம் கொடுத்தாலே மூக்கைத் தூக்கிக்கொள்ளும். முன்னால் தண்ணீர் தெரியாது, வானம்தான் தெரியும். அவருடைய ஊர்ப்பழக்கம், பாரத்துக்கு ஓர் ஆளை முன்னுக்கு அனுப்புவது. அந்த ஆள் பெரும்பாலும் என் மகள்தான். அவள் படகின் நுனியில் படுத்துக்கொண்டு சிரிப்பாள். நான் பின்னால் இருந்து, அவளுக்கும் தண்ணீருக்கும் இடையில் எத்தனை சாண் என்று கண்ணால் அளந்துகொண்டே இருப்பேன்.

ட்ரிம் டாப் பூட்டலாம் என்று சொன்னது நான்தான். படகின் பின்னால், அடிப்பக்கத்தோடு, எஞ்சினுக்கு இரு பக்கமும் பூட்டுகிற இரண்டு எவர்சில்வர் தகடுகள் அவை. சுவிச்சை அமத்தினால் தகடு கீழே சரியும். ஓடும்போது தண்ணீர் அதைத் தள்ள, பின்பக்கம் எழும்பி மூக்கு பணியும். ஒரு தகட்டை மட்டும் இறக்கினால் அந்தப் பக்கம் மட்டும் எழும்பும்.

"உமக்குப் பயம். அதுக்கு ஏன் என்ரை படகிலை ஓட்டை போடுறீர்?" என்று அண்ணை கேட்டார். ஆனாலும் அடுத்த கிழமை என் கடைக்கு வந்து ஒரு வெறும் பிஸ்கட் அட்டைப்பெட்டியை வாங்கிப் போனார். அந்த அட்டையைத் தகடுகளின் அளவுக்கு வெட்டிப் படகில் வைத்துப் பார்த்தார். பெரிய தகடு நல்லது, குறைந்த வேகத்திலேயே வேலை செய்யும் என்றார் படகுச் சாமான் கடைக்காரர். ஆனால் பெரிய அட்டை எஞ்சினோடு முட்டியது. அதனால் சின்னதையே வாங்கினோம்.

பூட்டியது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அவர் வீட்டுப் பக்கவாட்டில். தகடுகளோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை என் கையில் தந்து, "நீர் கவுன்சில் கடிதமெல்லாம் வாசிக்கிற ஆள். பாத்துச் சொல்லும்" என்றார். பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். கவுன்சில் கடிதங்களையும் பாதி ஊகித்துத்தான் வாசிப்பேன். அதை அவரிடம் சொல்ல வெட்கம். படங்களைப் பார்த்தேன், கிறீஸ் விரலால் பக்கம் புரட்டினேன், வாசித்தவன் போலத் தலையாட்டினேன்.

ஓட்டைகளைத் துளைத்து, தண்ணீர் புகாமல் பசை வைத்து, வயர்களையும் இணைத்தாயிற்று. அவர் ஸ்டியரிங்கில் இருந்து சுவிச்சை அமத்த, நான் நிலத்தில் படுத்துத் தகட்டைப் பார்த்தேன்.

"அண்ணை, நீங்கள் இடதை அமத்துறியள், வலது தகடு இறங்குது."

"புத்தகத்திலை என்ன போட்டிருக்கு?"

"வயரை மாத்தத்தான் வேணும்" என்றேன். வாசிக்காமலே சொன்னேன். அவர் மாற்றினார்.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்கும், அதற்கு முன் படகை இறக்க வேண்டும். கண்ணூறு படாமல், படகை ஏற்றிய டிரெயிலரின் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்தோம். ஆற்றில் மெல்ல ஓட்டிச் சோதித்துப் பார்க்க நேரம் வைக்கவில்லை. தேம்ஸ் கிழக்கே கடல்போல அகலும் இடம் அது. என் மனைவி தேநீர்ப் போத்தலோடு கரையில் நின்றார். மகளை இந்தமுறை முன்னுக்கு அனுப்பவில்லை. அண்ணைக்கு இடப்பக்கம், மெத்தை ஆசனத்தில் இருத்தினோம். இரண்டு தகடும் சேர்ந்து இறங்க, மூக்கு அழகாகப் பணிந்தது. முதல்தடவையாக நான் கண்ணால் சாண் அளக்கவில்லை.

பிறகு ஒரு பெரிய சரக்குக் கப்பலின் அலை வந்தது. படகு வலப்பக்கம் சரிந்தது, அண்ணையின் உடம்புப் பாரமும் அந்தப் பக்கம்தான். சரிந்தால் எதிர்ப்பக்கத்தை அமத்த வேண்டும் என்பது அவர் கைக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கை தானாக இடது சுவிச்சுக்குப் போனது. படகு இன்னும் வலப்பக்கம் சரிந்தது. அவர் இன்னும் அமத்தினார். படகு திடீரென்று வளைந்து, வலது விளிம்பு தண்ணீரை அள்ளியது. மகள் ஆசனத்திலிருந்து வழுக்கி, அண்ணையின் மடிக்கு மேலாகப் போய், இடுப்புவரை வெளியே தொங்கினாள். பின்னால் இருந்து பாய்ந்தேன், அவளுடைய உயிர்காப்புச் சட்டையின் பட்டி என் இரண்டு விரலில் மாட்டியது. இரண்டே விரல். அண்ணை எஞ்சினை நிறுத்தினார். படகு தொப்பென்று நேராக, அவள் என்மேல் விழுந்தாள்.

கரையில் என் மனைவியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் வாய் திறக்க முதல் கப்டன் அண்ணை சொன்னார், "பிழை என்ரை, தங்கச்சி. வயரை நான்தான் மாத்தினனான்." நான் குனிந்து படகுக் கயிற்றைக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமையே புத்தகம் என் சட்டைப்பையோடு வந்திருந்தது. அன்று வீட்டில்தான் அந்தப் பக்கத்தை ஆற அமர வாசித்தேன். இடது சுவிச் வலது தகட்டை இறக்கும், வலது சுவிச் இடது தகட்டை இறக்கும், அதை மாற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தது. எந்தப் பக்கத்தை அமத்துகிறோமோ அந்தப் பக்கம் பணிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அண்ணையின் கை செய்தது சரி. பிழை, நான் மாற்றச் சொன்ன வயர்.

அந்த மாதமே படகை விற்றார். வாங்க வந்தவருக்குச் சுவிச்சைப் போட்டுக் காட்டியபோது நானும் நின்றேன். இடதை அமத்தினார், வலது தகடு இறங்கியது. வயரைத் திருப்பி மாற்றியிருந்தார். அப்படியென்றால் அவருக்குத் தெரியும். புத்தகம் எங்கே என்று வந்தவர் கேட்க, என்னைப் பாராமலே, தொலைந்து போயிற்று என்றார்.

அதற்குப் பிறகு என் மனைவி அவரை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. மகளின் கலியாணத்துக்கும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடச் சொல்லவில்லை.

போன ஞாயிறு மகள் வந்தாள். புருசனும் தானும் ஒரு சின்னப் படகு பார்த்திருப்பதாகவும் அதற்குத் தகடு பூட்டப் போவதாகவும் சொன்னாள். "பயப்படாதேங்கோ அப்பா. கப்டன் மாமா மாதிரி வயரை மாத்திக் குடுக்கமாட்டன்" என்று சிரித்தாள்.

நான் எழும்பி லாச்சியைத் திறந்தேன். அன்று பட்டியைப் பிடித்த இரண்டு விரலால் புத்தகத்தை இழுத்தெடுத்தேன். ஐந்தாம் பக்கத்தை விரித்து அவள் முன் வைத்து, அன்று நடந்ததைச் சொன்னேன். அவள் அந்த வரியை வாசித்தாள். கறையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது உங்கடை விரலே, அப்பா?"

"ஓம்" என்றேன்.

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. என் மனைவி கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார்.

"கோட்டைப் போடுங்கோ" என்றார். "வால்தம்ஸ்டோவுக்கு, அண்ணை வீட்டுக்குப் போவம். நீங்கள்தான் வாசல் மணி அடிக்கவேணும்."

புத்தகத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.