தாமா சாகும் பக்கம்

கல்கத்தாவில் குயவர்கள் வாழும் குமோர்துலியில் பிறந்தவன் களிமண்ணில் சாமி செய்யவேண்டும். கௌர்ஹரி பால் அதை விட்டுவிட்டுக் காட்டு வீரர்களின் படக்கதை வரையப் போனதில் உறவுக்காரர்களுக்குக் கடுப்பு. "தேவியை விட்டுட்டுக் குரங்கு வரையறான்" என்று ஏசியவர்களின் பிள்ளைகளே வியாழக்கிழமைதோறும் அந்தப் படக்கதை வரும் பத்திரிகைக்கு அடித்துக்கொண்டார்கள்.

கதாநாயகன் பெயர் ரணஜய். ஆனால் மனுஷர் உயிரைக் கொடுத்து வரைந்தது அவனை அல்ல, ஈட்டியோடு அவன் முதுகைக் காத்து நிற்கும் தாமாவைத்தான். தாமாவுக்குத் தன் தம்பி நிதாயியின் முகத்தைக் கொடுத்திருந்தார். கல்லூரிப் பையன்களைப் போலீஸ் வேனில் அள்ளிக்கொண்டுபோன கெட்ட காலத்தில் காணாமல் போனவன் நிதாயி. எழுத்தறியாத அம்மா வாராவாரம் பத்திரிகையைப் புரட்டித் தாமாவைத் தேடுவாள். "இருக்கான்" என்பாள். அப்புறம்தான் வாயில் பொரியைப் போடுவாள். படத்தில் அவன் இருக்கும்வரை பிள்ளையும் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்பது அவள் நம்பிக்கை. நிதாயியைப் பிணவறையில் தான் பார்த்தது கௌர்ஹரிக்கு மட்டும்தான் தெரியும். போலீஸ் உடலைக்கூடத் தரவில்லை. பெற்றவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே போன வருஷத்துத் துர்கா பூஜையும் கழிந்துவிட்டது.

இந்த வருஷம் பூஜை மலர் வேலை தொடங்கியதும் பத்திரிகை ஆசிரியர் பரிதோஷ் குஹா தலையில் கல்லைப் போட்டார்.

"தாமாவைக் கொன்னுடு, கௌர். ரணஜய்க்கு வர்ற அம்பை அவன் நெஞ்சுல வாங்கிக்கட்டும்."

"வேற எதையாவது கொல்லலாமே, பரிதோஷ் அண்ணா. யானை இருக்கு."

"யானைக்கு எவன்யா அழுவான்? பூஜை சமயத்துல சனங்க அழுதுக்கிட்டே வாங்கும். முடியாதுன்னா சொல்லிடு, வரையறதுக்குத் துலால் காத்துக்கிட்டிருக்கான்."

தம்பியை இன்னொருவன் கையில் கொடுக்க மனம் வரவில்லை. கௌர்ஹரி தலையாட்டினார்.

கெடு முடியும் சாயங்காலம், படத்தை அச்சுக்கு பிளாக் எடுக்கிற கடையின் ஆள், பக்கத்தை வாங்கிப்போக, பத்திரிகை ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தான். ரணஜய்யின் மடியில் தாமா, நெஞ்சில் அம்பு. எல்லாம் முடிந்திருந்தது, தாமாவுக்குக் கண்கள் மட்டும் இல்லை. சாமி செய்யும் பால் குடும்பத்தில் களிமண் உருவம் முழுசாக முடிந்த பிறகுதான் கண் வைப்பார்கள். வைத்துவிட்டால் உயிர் வந்துவிட்டதாகக் கணக்கு.

பரிதோஷ் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "இன்னும் என்ன? ரெண்டு கோடு. இமையை மூடிட்டா முடிஞ்சுது."

கௌர்ஹரி தூரிகையை மையில் தோய்த்தார். "எங்க வீட்டுல கண்ணைத் திறந்துதான் பழக்கம், அண்ணா. மூடினதில்ல."

"உன் குலப்பெருமையைக் கேக்கவா அவன் பெல்லடிக்கிறான்?"

கௌர்ஹரி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்களையும் அகலத் திறந்து வைத்தார். "செத்தவன் முழிச்சுப் பாக்கறானேய்யா" என்று பரிதோஷ் பல்லைக் கடித்தார். அதற்குள் மை காய்ந்ததும் காயாததுமாக சைக்கிள்காரன் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். கௌர்ஹரிக்குப் போன உயிர் திரும்பியது. கண் திறந்திருக்கிறது என்றால் ஆள் இருக்கிறான். அடிபட்டுக் கிடக்கிறான், தேறிவிடுவான் என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளிக்கலாம். சாமி செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை, பாவம்.

மகாளயத்தன்று மலர் வந்தது. அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். கடைசிப் பக்கத்தில் அவள் கை நின்றுவிட்டது. கௌர்ஹரி குனிந்து படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சும்மா காயம்தான்மா. பாரு, கண்ணு திறந்திருக்கு."

அம்மா பக்கத்தை மடியில் விரித்தாள். அந்தக் கண்களின்மேல் இரண்டு விரல்களை வைத்து மெல்லக் கீழே இழுத்தாள். காகிதக் கண் எப்படி மூடும்? மறுபடியும் இழுத்தாள்.

"கண்ணை மூடிவிடக்கூட எம்புள்ளைக்கு அங்க ஒருத்தரும் இல்லையாடா?"

 அவள் கேட்பது தாமாவைப் பற்றி இல்லை என்று கௌர்ஹரிக்குப் புரிந்தது. அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார்.

"இருந்தேன்மா," என்றார். "நான்தான் மூடிவிட்டேன்."