நல்லா இருக்குதுங்க மாமா

சுந்தராபுரம் தாண்டி பொள்ளாச்சி ரோட்டில் பாக்கியசாமி டயர் கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அந்தக் கடையிலிருந்து டயரைவிட அதிகமாக வெளியே போனது ‘வேண்டாங்க’ என்ற சொல்தான்.

கார் வாங்கிய ஆறாம் மாதம் பையன்கள் வருவார்கள். கம்பெனி கொடுத்த பதினைந்து இஞ்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பதினேழு போட வேண்டும் என்பார்கள். பாக்கியசாமி அவர்களை உட்கார வைத்து டீ சொல்லுவார். பிறகு டயர்மேல் எழுதியிருக்கும் 185/65 R15 என்பதை விரலால் தடவிக் காட்டுவார். முதலாவது அகலம், மில்லிமீட்டரில். நடுவில் இருப்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பரின் உயரம் என்பது. கடைசி எண் உள்ளே இருக்கும் ரிம்மின் அளவு.

“ரிம்மைப் பெருசாக்குனா ரப்பரைச் சிறுசாக்கோணுமுங்க. மொத்த ஒசரம் மாறக்கூடாது. மாறுச்சுன்னா மீட்டர் பொய் சொல்லும், திருப்பத்துல டயர் மட்கார்டுல ஒரசும். செரி, ஒசரம் மாறாமப் போட்டோம்னே வெச்சுக்குங்க. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவால என்ன மிச்சம்? கார் ஓடறது காத்து மேலைங்க. அந்தக் காத்துக்கு எடமில்லாமப் பண்ணிப்போட்டா எது மேல ஓடும்? வேண்டாங்க.”

மில் வைத்திருக்கும் அரங்கசாமி நாயுடுவின் மகன் யஷ்வந்த் இப்படித்தான் டீயைக் குடித்துவிட்டு வெறும் கையோடு போனான். அதற்காக அரங்கசாமி ஊரெல்லாம் பாக்கியசாமியைப் புகழ்ந்தார். வேண்டாம் என்று சொல்லியே பேர் வாங்கிய ஒரே வியாபாரி என்றார்.

பாக்கியசாமிக்கு ஒரே மகள், டீனா. போன வருடம் ஆனைமலையில் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை ஜெப்ரி பம்பு கம்பெனியில் விற்பனை அதிகாரி. பொள்ளாச்சி, உடுமலை என்று சுற்றுகிற வேலை. குடிக்கமாட்டான், கோபப்படமாட்டான். ஒரே குறை, மாமனார் வீட்டில் என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியாது. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லுவான். முதல் விருந்தில் மாமியார் விமலாராணி வைத்த கோழிக் குழம்பை நல்லா இருக்குதுங்க அத்தை என்றான். நாலு கரண்டி விழுந்தது. நாலையும் சாப்பிட்டான். சுவரில் இருந்த கடிகாரத்தையும் அப்படியே சொன்னான். போகும்போது கடிகாரம் அவன் காரின் பின் சீட்டில் இருந்தது.

கல்யாணமான மூன்றாம் மாதம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாமனாரும் மாப்பிள்ளையும் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிடம் இருவரும் ரோட்டைப் பார்த்தார்கள். சுவரில் வெள்ளி நிறத்தில் நாலு பதினேழு இஞ்ச் அலாய் வீல் தொங்கின. வேண்டாம் என்று சொல்லும்போது காட்டுவதற்கென்றே பாக்கியசாமி மாட்டி வைத்தவை. ஜெப்ரி நிமிர்ந்து பார்த்தான்.

“நல்லா இருக்குதுங்க மாமா.”

பாக்கியசாமிக்கு ‘வேண்டாங்க’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றுகொண்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். “டீனா போற வண்டி விமலா. ஆனைமலை ரோட்டுல எத்தனை வேகத்தடை இருக்குதுன்னு தெரியுமா உனக்கு?”

“ஏனுங்க, அவரு மாப்பிள்ளைங்க. உங்க கஸ்டமரு இல்ல,” என்றாள் விமலாராணி. “வாயைத் தொறந்து கேட்டிருக்காரு. மாமனார் கடையில தொங்கறதைக் குடுக்கலைன்னா நாளைக்கு சம்பந்தியூட்டுல நம்ம மகதான பேச்சு வாங்கோணும்?”

கேட்கவில்லையே, நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னார் என்று பாக்கியசாமி யோசித்தார். கடிகாரம் ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறு சக்கரத்தை மாட்டிவிட்டார்.

மாட்டியதையும் தன் முறைப்படிதான் மாட்டினார். 205/45 R17. பழைய உயரத்துக்கு அரை சென்டிமீட்டர்தான் குறைவு. மீட்டர் பொய் சொல்லாது, ஓரம் உரசாது, பாரம் தாங்கும். எல்லாம் சரி. ரப்பரின் உயரம் மட்டும் பன்னிரண்டு சென்டிமீட்டரிலிருந்து ஒன்பது சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. அந்த மூன்று சென்டிமீட்டர் இல்லாமல்தான் மகள் உட்கார்ந்து போகப் போகிறாள் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பழைய நாலு சக்கரத்தையும் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டு வைத்தார்.

“எப்படிங்க மாப்பிள்ளை?”

ஜெப்ரி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான். முகத்தில் கொஞ்சம் திகைப்பு இருந்தது. சந்தோஷம் என்று பாக்கியசாமி எடுத்துக்கொண்டார்.

“நல்லா இருக்குதுங்க மாமா.”

அடுத்த வாரமே அரங்கசாமி வந்து இறங்கினார். “ஏனுங்க பாக்கியசாமி, எம்பட பையனுக்கு வேண்டாமுன்னீங்க. மாப்பிள்ளைக்கு மட்டும் காத்து வேண்டியதில்லீங்களா?”

“அவரு பதனமா ஓட்டுவாருங்க.”

“அப்ப எம்பையன் மாடு மாதிரி ஓட்டறானுங்களா?”

யஷ்வந்துக்குப் பதினேழு போனது. அவனைப் பார்த்து அவன் நண்பர்கள் இரண்டு பேருக்கும் போனது. டீ சொல்லி, எண்ணைத் தடவிக் காட்டி, காத்தைப் பற்றி ஆரம்பித்தால், “உங்க மாப்பிள்ளை வண்டியைப் பாத்தமுங்க” என்று சிரித்தார்கள். அந்த வருடம் கடையில் நல்ல வியாபாரம். சொல்லுக்குத்தான் மதிப்பில்லாமல் போயிற்று.

டீனாவுக்கு நாலு மாதம் என்று தெரிந்ததிலிருந்து பாக்கியசாமி கார் வந்து நிற்கும்போது மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சக்கரத்தைப் பார்த்தார். எல்லா டயரிலும் செய்த வாரமும் வருடமும் நாலு இலக்கமாக அச்சடித்திருக்கும். அவர் மாட்டிய நாலும் ஒரே வாரத்தில் செய்தவை, ஒன்பதாம் வாரம். இப்போது முன்னால் இடது டயரில் முப்பத்தொன்றாம் வாரம் என்றிருந்தது. குழியில் இறங்கி, பக்கம் புடைத்து, மாற்றியிருக்கிறார்கள். எங்கேயோ வேறு கடையில்.

“வண்டி தொந்தரவு ஏதாச்சும் குடுக்குதுங்களா மாப்பிள்ளை?”

“ஒண்ணுமில்லீங்க மாமா. நல்லா இருக்குதுங்க.”

அடுத்த முறை வந்தபோது பின்னால் வலது டயரும் வேறு வாரமாக இருந்தது. பாக்கியசாமி குனிந்து பார்த்துவிட்டு, செருப்பைச் சரி செய்வதுபோல் எழுந்தார். டயர் போச்சுங்களா என்று கேட்டால், ஓட்டத் தெரியவில்லை என்று மாப்பிள்ளையைச் சொன்னதுபோல் ஆகும். கழற்றிவிடலாம் என்றால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டதுபோல் ஆகும். மகள் காரிலிருந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டே, “உள்ள வாங்க மாப்பிள்ளை, வெயிலு” என்றார்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை டீனா தனியாகப் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து கடை வாசலில் இறங்கினாள்.

“என்ன கண்ணு பஸ்ஸுல?”

“பஸ்ஸு மெத்தையாட்ட இருக்குதுங்கப்பா.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அந்த வண்டியில ஒரு பல்லிய ஏத்துனாக்கூட எனக்கு இடுப்புல தெரியுது. ஏனுங்கப்பா அதைப் போட்டுக் குடுத்தீங்க?”

“மாப்பிள்ளை ஆசைப்பட்டாரு அம்மிணி.”

“அவரா? பேசறதுக்கு ஒண்ணும் கெடைக்காம செவுத்தைப் பாத்துச் சொன்னாருங்கப்பா. நீங்க மாட்டுனதும் ஊட்டுக்கு வந்து தலையில கைய வெச்சுட்டு உக்காந்தாரு. ஊருக்கெல்லாம் வேண்டாமுங்கற மனுசன் எனக்குன்னு ஆசையாப் போட்டுக் குடுத்திருக்காரு, எப்படிக் கழட்டறதுங்கறாரு. ரெண்டு டயரு பொள்ளாச்சியில மாத்தியாச்சு. மாமாகிட்டச் சொன்னீன்னா மனசு நொந்துக்குவாருன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காரு.”

பாக்கியசாமி பழைய சக்கரம் கிடக்கும் பரணை நிமிர்ந்து பார்த்தார்.

“சத்தியம் பண்ணிட்டுச் சொல்லிப்போட்டியே கண்ணு.”

“எனக்கு இடுப்பு வலிக்குதுங்கப்பா,” என்றாள் டீனா.

மறுநாள் மனைவியைக் கூட்டிப்போக ஜெப்ரி காரோடு வந்தான். பாக்கியசாமி அவனுக்கு முன்னால் கொஞ்சம் குழைந்து நின்றார்.

“மாப்பிள்ளை, ஒரு ஒதவி. செவுரு வெறுமையா இருக்குதுங்க. வாரவங்களுக்குக் காட்ட ஒண்ணுமில்ல. நீங்க தப்பா நெனைக்கலைன்னா அந்த நாலையும் கொஞ்ச நாளைக்கு எனக்குக் குடுத்து வையுங்க. அதுவரைக்கும் பழசை மாட்டித் தாரேன்.”

ஜெப்ரி மூச்சை விட்ட சத்தம் ரோடு வரை கேட்டிருக்கும். “தாராளமா எடுத்துக்குங்க மாமா. எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்குங்க. நல்லா…” என்று ஆரம்பித்தான். டீனா அவனைப் பார்த்தாள். மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

சக்கரம் மாற்றி முடிகிற நேரம் அரங்கசாமி காற்றுப் பிடிக்க வந்தார். “ஏனுங்க, மாப்பிள்ளை கழட்டிப்போட்டாருங்களா?”

“டீனாவுக்கு இடுப்பு வலிங்க.”

அரங்கசாமி தன் இடுப்பைத் தடவிக்கொண்டார். யஷ்வந்த் காரில்தான் அவரும் மில்லுக்குப் போய் வருகிறார். “பையனோட பழைய சக்கரம் உங்ககிட்டத்தான கெடக்குதுங்க?” என்றார் மெல்லிய குரலில்.

மதியம் சாப்பாட்டில் கோழிக் குழம்பு. விமலாராணி கரண்டியோடு பக்கத்தில் நின்றாள்.

“எப்படிங்க மாப்பிள்ளை?”

ஜெப்ரி டீனாவைப் பார்த்தான். அவள் தன் தட்டைப் பார்த்தாள். அவன் வாயில் இருந்ததை முழுக்க மென்று விழுங்கினான்.

“உப்பு கொஞ்சம் தூக்கலுங்க அத்தை.”

பாக்கியசாமி ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தார்.

“ஆமாங்க மாப்பிள்ளை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து தூக்கல்தானுங்க.”

விமலாராணி கரண்டியைக் குழம்புக்குள் போட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அந்த வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.