அண்ணன் அறைக்கு நான் தைத்த ஃபில்டர்

என் அண்ணன் இருபத்திரண்டு வருடம் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் வேலை பார்த்தார். ஃபியூஸ் கட்டை செய்கிற சின்னக் கம்பெனி. வெள்ளைக் கல்லை மில்லில் போட்டு அரைத்து, மாவைச் சலித்து, மூட்டை பிடிப்பது அவர் வேலை. சாயங்காலம் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது புருவமும் கண்ணிமையும் வெளுத்திருக்கும். தொட்டியடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குக் கல்யாணமான பிறகும் எங்களோடுதான் இருந்தார். என் கணவர் பஸ் கண்டக்டர், பாதி நாள் ரோட்டில். நான் கூடத்தில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு சைக்கிள் மிதிக்க முடியவில்லை. காச நோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், குணமாகவில்லை. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், என்ன வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அண்ணன் சொன்னதும் படத்தைக் கவரில் போட்டுவிட்டார். நுரையீரலில் கல்தூசி படிந்து இறுகிவிட்டது, போன தூசி திரும்பி வராது, இனிமேல் தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

தூசி படாமல் எங்கே வைத்துக்கொள்வது? எங்கள் தெரு எஸ்டேட்டுக்குப் பின்பக்கம். மாவு மூட்டை ஏற்றிய லாரிகள் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மத்தியானம் விரலால் கோடு போடலாம். என் கணவர்தான் யோசனை சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் பழைய ஜன்னல் ஏசிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றைப் பேசி வாங்கி வந்தார். அண்ணன் அறையில் பொருத்தி, ஜன்னல் சந்துகளில் எல்லாம் டேப் ஒட்டி, கதவடியில் சாக்குத் துணி வைத்து அடைத்தோம். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏசியை மாட்டிக் கொடுத்தவர் மங்கலம்பேட்டைக்காரர். ஐம்பது வயதிருக்கும், குவைத்தில் பெரிய கட்டிடங்களுக்கு ஏசி பார்த்துவிட்டுத் திரும்பியவர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஏசியின் முன்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த நைலான் வலையை எடுத்துக் காட்டினார். கொசுவலையைவிடக் கொஞ்சம் நெருக்கம், அவ்வளவுதான். முடியும் பஞ்சும் இதில் நிற்கும், கல்மாவு நிற்காது என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. கடலூர்க் கடையொன்றில் கறுப்பாக ஸ்பாஞ்சு மாதிரி ஒரு தாள் கொடுத்தார்கள். பாய் அதைப் பார்த்துவிட்டு, இது வாடையைத்தான் பிடிக்கும், தூசியை விட்டுவிடும் என்றார். நான் விடவில்லை. கடைசியில் அவருடைய மருமகன் குவைத்திலிருந்து வந்தபோது மடிப்பு மடிப்பாக இருந்த ஒரு காகித ஃபில்டர் கொண்டுவந்தார். அங்கே ஆஸ்பத்திரிகளில் போடுவதாம். அளவுக்கு வெட்டி வைத்தோம். மூன்றாம் நாள் ஏசிக்குள் பனிக்கட்டி கட்டி, தண்ணீர் சுவரில் வழிந்தது.

பாய் வந்து காகிதத்தைக் கழற்றினார். “ஃபில்டர்னா தூசி நிக்கணும், காத்தும் போவணும். ஒண்ண மட்டும் பாத்தா மெஷின் மூச்சு முட்டிப் போவும்மா,” என்றார்.

கட்டிலில் இருந்த அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் ஆயிற்று.

அதன் பிறகுதான் துணியில் தைத்துப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் இல்லாத துணியா? ரூபியா, பாப்ளின், லைனிங் துணி, மல் எல்லாவற்றிலும் துண்டு வெட்டினேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பிறகு வாயருகே வைத்து ஊதி, அந்தப் பக்கம் உள்ளங்கையில் காற்று எவ்வளவு படுகிறது என்று பார்ப்பேன். பாப்ளினில் காற்றே வரவில்லை. ரூபியாவில் கொஞ்சம். இரண்டு மூன்று தரம் அலசிய மல் துணிதான் சரியாக இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், என்னிடம் கொடு, நானும் ஊதிப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினார். மல் துணியை அவர் வாயருகே பிடித்து, இந்தப் பக்கம் என் கையை வைத்தேன். அவர் கன்னம் உப்பியது. கண்ணில் நீர் வந்தது. என் கையில் ஒன்றும் படவில்லை.

“வருதா?” என்று கேட்டார்.

“வருதுண்ணே,” என்றேன்.

மல் துணியை நைலான் வலைக்கு மேல் உறை மாதிரி தைத்து, ஓரத்தில் எலாஸ்டிக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒன்றாக மாற்றுவேன். பனி கட்டவில்லை. பாய் கூட மெச்சினார். ஆனால் கழற்றுகிற ஒவ்வொரு துணியிலும் வெள்ளையாக மாவு படிந்திருக்கும். கதவு சாத்தியிருக்கிறது, ஜன்னலில் டேப் இருக்கிறது, அண்ணன் மில்லுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. இது எங்கிருந்து வருகிறது? டேப்பைப் பிரித்துப் புதிதாக ஒட்டினேன். கதவடிச் சாக்கை மாற்றினேன். அடுத்த வாரமும் அதே வெள்ளை.

அந்த வருடங்களில் தினம் இரண்டு மணி நேரம் கரண்டு போகும். போனதும் அறைக்கதவைத் திறந்து அண்ணனைக் கூடத்துக்கு அழைத்து வருவேன். வாசற்படி அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். அப்போது அவர் முகம் தெளிந்திருக்கும். எனக்கு அது பிடிக்காது. வாசல் தூசி எல்லாம் உள்ளே போகுமே என்று, கரண்டு வந்த நிமிஷம் எழுப்பி அறைக்குள் கொண்டு விடுவேன். சரி, சரி என்றபடி எழுந்து வருவார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் அவர் போய்விட்டார். கல்யாண ஜாக்கெட்டுகள் அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம், அந்தப் பக்கம் ஏசி சத்தம், நடுவில் சாத்திய கதவு. அவர் இருமினாரா, கூப்பிட்டாரா, எனக்குத் தெரியாது. நாலு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். கட்டிலில் இல்லை. ஏசிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை ஜன்னல் சட்டத்தில் சாய்ந்திருந்தது. ஏசியில் பொத்தான்கள் இருக்கும் சின்ன மூடி திறந்திருந்தது; வலது கை அதன் மேலேயே கிடந்தது. வேர்த்திருக்கும், இன்னும் கொஞ்சம் குளிர் வைக்கப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். கை ஜில்லென்றிருந்தது. ஏசிக் காற்றில் ஜில்லென்றிருக்கிறதோ என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. என் கணவர் டூட்டிக்குப் போனதும் நான் அந்த அறைக்குள் போவேன். ஏசியைப் போடுவேன். கம்ப்ரஸர் பிடிக்கும்போது முதலில் இரண்டு தரம் தொண்டையைச் செருமுகிற மாதிரி சத்தம் வரும். பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அது அண்ணன் இருமுவதற்கு முன் செய்வது. அதைக் கேட்க ஒரு மணி நேரம் காலி அறையில் உட்கார்ந்திருப்பேன். அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன்.

வாரம் முடிந்ததும் மல் துணியைக் கழற்றுவேன். ஆள் இல்லாத அறையில் மாட்டிய துணியிலும் வெள்ளை. முதல் தடவை பார்த்தபோது பயந்து துணியை அப்படியே கீழே போட்டுவிட்டேன். பிறகு பயம் போய்விட்டது. அவருக்குள் இருந்த தூசி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது, டாக்டர் சொன்னது தப்பு என்று நினைத்துக்கொண்டேன். இப்படி நினைக்கிறவளா நான்? இல்லை. ஆனால் நினைத்தேன். அந்தத் துணிகளை அலசவில்லை. மாவு கொட்டாமல் மடித்து, அவருடைய டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு மேல் அடுக்கினேன். ஒருநாள் என் கணவர் ஏதோ தேடப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாய்க்குப் போன் செய்து சர்வீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

பங்குனியில் பாய் வந்தார். அண்ணன் இறந்ததற்குத் துக்கம் விசாரித்துவிட்டு ஏசியிடம் போனார். பொத்தான் மூடியைத் திறந்தவர் கை அப்படியே நின்றது.

“இன்னும் தொறந்தேதான் கெடக்குதா?” என்று தனக்குள் சொன்ன மாதிரி சொன்னார்.

என்ன என்று கேட்டேன். அவர் ஸ்குரூ டிரைவரைத் தேடினார். நான் பக்கத்தில் போய் நின்றதும், பொத்தான்களுக்குக் கீழே இருந்த ஒரு சின்ன லிவரைக் காட்டினார். அதைத் திறந்து வைத்தால் ஏசி அறைக்காற்றைக் கொஞ்சம் வெளியே தள்ளும். தள்ளிய அளவுக்கு வெளிக்காற்று கதவிடுக்கு, ஓட்டுச்சந்து என்று கிடைத்த வழியில் உள்ளே வரும். எத்தனை டேப் ஒட்டினாலும் வரும் என்றார்.

“யாரு தொறந்தது?”

“அண்ணன்தாம்மா. மாட்டுன மறுவாரமே வெளிக்காத்து வர வழி இருக்கான்னு எங்கிட்ட கேட்டாரு. நாந்தான் இந்த லிவரக் காட்டுனேன்.”

பாய் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். மில்லில் மாவு சலிக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாதாம். காற்றில் மாவு வீணாகிவிடும் என்று கதவையும் சாத்திவிட்டு, கீழே சாக்குப் போட்டு அடைப்பார்களாம். இருபத்திரண்டு வருடம் அதற்குள் இருந்தவர் அண்ணன்.

“‘தங்கச்சி என்னத் திரும்ப அந்த ரூம்புலயே வெச்சி அடைக்குது பாய், அதுக்குத் தெரியாது, நீங்க சொல்லிடாதீங்க’ன்னாரு. தெனம் நீங்க கதவச் சாத்திட்டுப் போனதும் தொறந்து வுட்டுக்குவாராம்.”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நான் துணி துணியாக ஊதிப் பார்த்துக்கொண்டு கிடந்தேனே என்று கேட்டேன். சொல்லியிருக்கலாம் என்றார் பாய். தலையை நிமிர்த்தவில்லை. என் கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. சாக்குத் துணியை மடித்துக் கதவடியில் திணித்த என் கைகள்தான் ஞாபகம் வந்தன.

பாய் லிவரை மூடிவிட்டுப் போனார். அன்று என் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வாரம் அவரே லீவு போட்டு என்னைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனார். அதே டாக்டர். லிவரைத் திறந்து வைத்ததால் உள்ளே வந்த தூசியால் அண்ணன் சீக்கிரம் போய்விட்டாரா என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடத் தூசிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை, நீங்கள் அடைத்தாலும் திறந்தாலும் அவ்வளவுதான் என்றார். ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது இரண்டாவது அடியாக விழுந்தது. அடைத்தாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்றால், ஏசி அறையில் கிடந்த அந்த இரண்டு வருடமும் அவர் வாசலில் உட்கார்ந்திருக்கலாமே.

லிவரை மூடிய பிறகு மல் துணியில் வெள்ளை குறைந்தது. இரண்டு வாரத்தில் லேசான சாம்பல் நிறம்தான் மிஞ்சியது. அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அன்று அழுதேன். அவர் செத்த அன்று கூட அப்படி அழவில்லை. ஏசியைத் திட்டக்குடியில் ஒரு ஜவுளிக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். டிரங்குப் பெட்டியில் இருந்த துணிகளை என் கணவர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு வந்தார். நான் கூடப் போகவில்லை. ஆனாலும் கூடத்தில் தைத்துக்கொண்டிருக்கும்போது அந்த அறையில் செருமல் கேட்கும். தையல் மெஷினை நிறுத்தினால் நின்றுவிடும்.

ஒரு வருடம் கழித்து எங்கள் தெருக் கடைசி வீட்டு அம்மா ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தார். அவர் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் பின் அதே மில்லில் மாவு சலித்தவர். அவருக்கும் அதே இருமல், அதே டாக்டர். ஏசி வாங்கப் போகிறார்களாம். நான் ஃபில்டர் தைத்ததைத் தெருவெல்லாம் பேசிக்கொண்டதால், எந்தத் துணி நல்லது என்று என்னிடம் கேட்டார்.

மல் துணி, இரண்டு தரம் அலசியது, ஒரே மடிப்பு, வாரம் ஒன்று மாற்ற வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல் தாண்டிய பிறகு பின்னாலேயே போய்க் கையைப் பிடித்தேன்.

“ஏசி வேணுமான்னு அவர ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். அவருக்காகத்தானே வாங்குகிறோம் என்றார். இருக்கட்டும், கேளுங்கள் என்றேன். அண்ணன் விஷயத்தையும் அங்கேயே நின்று சொன்னேன். அதுவரை என் கணவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் ஏசி வாங்கவில்லை. அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு சேத்தியாத்தோப்பு பக்கம், அந்த அம்மாவின் ஊருக்குப் போய்விட்டார்கள். தைத்து வைத்த ஜாக்கெட்டை அந்த அம்மாவின் தம்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். அக்கா வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இன்றுவரை விசாரிக்கவும் இல்லை.