பூசையில் வைத்த செருப்பு

மனிதன் முதன்முதலில் செய்த தொழில் எது என்று யாராவது பேச்சை எடுத்தால் எனக்குச் சிரிப்பு வரும். வேட்டை என்பார் ஒருவர், உழவு என்பார் இன்னொருவர். விஷயம் தெரிந்த சிலர் குரலைத் தாழ்த்தி வேறொன்றைச் சொல்லிக் கண்ணடிப்பார்கள். போங்கள் ஐயா, எனக்கு ஆறாவது படிக்கும்போதே விடை தெரிந்துவிட்டது. தெரிந்ததோடு நிற்காமல் அந்தத் தொழிலுக்குப் பூசையும் போட்டு, வீடு தேடி வந்த ஒரு சம்பந்தத்தையும் விரட்டியவள் நான்.

அப்போது ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா அங்கே ஃபிட்டர். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடி இரண்டு தீபாவளி போயிருந்தது. அப்பா அவரைப் பெயர் சொல்லியோ முறை வைத்தோ கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "தொர எழுந்தாச்சா?" "தொர சாப்ட்டாச்சா?" எல்லாம் அம்மாவைப் பார்த்துத்தான். அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். அதுதான் பதில்.

மாமாவுக்கு வேலைதான் இல்லையே தவிர ஓய்வு இருந்ததாக எனக்கு நினைவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு இடுப்பு வலி எடுத்தபோது அவள் வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தார்; ஆட்டோவில் கூடப் போனவர் மாமா. வேப்பம்பட்டில் தங்கை செத்துப்போன செய்தி வந்து, ரயிலேறக் கால் வராமல் நின்ற பக்கத்து பிளாக் பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவரும் அவர்தான். "தம்பி, கொஞ்சம் கூட வர்றியா?" என்றால் போதும், உடனே ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்வார். போன இடத்தில் பெரிதாக ஒன்றும் செய்துவிட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், டீ வாங்கி வந்து தருவார், அவ்வளவுதான். "ஊரான் ஊட்டுக் கவலைக்கெல்லாம் காவலு, தன் சோத்துக்கு வழியில்ல" என்பார் அப்பா.

அந்த வருடம் காலாண்டு விடுமுறைக்கு எங்கள் டீச்சர் ஒரு தலைப்பு கொடுத்தார். மனிதனின் முதல் தொழில் எது என்று பள்ளி திறந்ததும் வகுப்பில் பேச வேண்டும். முதலில் அப்பாவைக் கேட்டேன்.

"கல்லத் தேச்சுக் கூராக்கினான் பாரு, அவன்தான். அவன் யாரு? ஃபிட்டரு!" என்று சொல்லிவிட்டு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் குடித்தார். அந்த நாட்களில் அவருக்குச் சோறு தொண்டையில் நின்றது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் வேண்டும். குரலும் கம்மிப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள் என்று அம்மா நச்சரித்தால், "ஆயுத பூசை முடியட்டும்" என்று தள்ளிப்போடுவார். அதற்கு முன்பு ஆடி முடியட்டும் என்றிருந்தார்.

"சமையல்தான் மொத தொழிலு. வவுத்துக்கு இல்லாம எவன் கல்லத் தேச்சான்?" என்றாள் அம்மா.

மாமா மட்டும்தான் கொஞ்ச நேரம் யோசித்தார். "கேளு பாப்பா. எல்லாரும் குகைக்குள்ள குந்திகினு கீறாங்க. ஒருத்தனுக்கு வெளிய போயே ஆவணும், ஆனா பயம். 'வா, நான் கூட வரேன்'னு இன்னொருத்தன் எழுந்திருப்பான் இல்ல? அவன்தான் மொத வேலைக்காரன். வேட்டை, வெள்ளாமை எல்லாம் அதுக்கப்புறம்தான்."

"அவனுக்கு ஆயுதம் இன்னா மாமா?"

மாமா தன் காலைப் பார்த்துச் சிரித்தார். "செருப்புதான். அதுவும் வார் அந்து, பின்னு குத்தின செருப்பு."

ஆயுத பூசையன்று திருமுல்லைவாயிலிலிருந்து பெண்ணின் அப்பாவும் பெரியம்மாவும் மாமாவைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. நல்ல நாளில் வந்தால் நல்லபடியாக முடியும் என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு. தம்பிக்கு இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று மாங்காட்டு அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் அப்பாவின் ஸ்பானர்களும் அரங்களும், அம்மாவின் அரிவாள்மணை, என் புத்தகங்கள் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. மாமாவுக்கு வைக்க ஒன்றும் இல்லை. அம்மா அப்பாவின் பழைய வெர்னியரை, இரும்புக்கு அளவு பார்க்கும் அந்தக் கருவியை, துடைத்து வைத்தாள்.

"கேட்டா ஒர்க்‌ஷாப்புல கீறான்னு சொல்லுவேன். நீ வாயத் தொறக்காத."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. உலகத்தின் முதல் தொழிலைச் செய்கிற மனிதருக்கு இரவல் ஆயுதமா? குழாயடியில் செருப்பை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். வாருக்கு வார் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு சாமந்திப்பூ. ஜோடியாக என் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

வந்தவர்கள் கூடத்தில் நிற்க, அப்பா கற்பூரத் தட்டை ஒவ்வொரு ஆயுதத்துக்கும் காட்டிக்கொண்டே வந்தார். செருப்புக்கும் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரு செருப்பு?" என்றார் பெண்ணின் பெரியம்மா.

இப்படி ஒரு கேள்விக்காகத்தானே காத்திருந்தேன். "எங்க மாமாவோடது! யாராச்சும் பயந்தா கூடப் போறாரு இல்ல, அதான் அவரு தொழிலு. ஒர்க்‌ஷாப்புல எல்லாம் இல்ல. அந்த வெர்னியரு எங்க அப்பாது."

பெண்ணின் அப்பா சுண்டலுக்குக்கூட நிற்காமல், "சொல்லி அனுப்பறோம்" என்றார். இந்த நிமிடம்வரை சொல்லி அனுப்பவில்லை.

அம்மா என் முதுகில் வைத்த அடியில் குவார்ட்டர்ஸே அதிர்ந்தது. அடித்துவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாள். "தொரக்கி இனிமே பூசை வேற போடணுமா?" என்று அப்பா கம்மின குரலில் கத்தப் பார்த்து, இருமலில் முடித்தார். "உடு அக்கா, பாப்பாவ அடிக்காத. பொய் சொல்லிக் கட்டிகினா அந்தப் பொண்ணுதான் பாவம்" என்றார் மாமா. அவர் கண் சிவந்திருந்தது. கற்பூரப் புகை என்று நினைத்தேன்.

செருப்பைத் தூக்கி எறியவும் வழியில்லை. தீபம் காட்டியாகிவிட்டதே! பூசையில் வைத்ததை மறுநாள் புனர்பூசை முடியும்வரை தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு நான் புத்தகத்தை எடுத்து நாலு வரி படித்தேன். அப்பா அரத்தை எடுத்து ஒரு இரும்பில் ஒரு இழுப்பு இழுத்தார். செருப்பு மட்டும் அங்கேயே கிடந்தது. எல்லார் முன்னாலும் போய் அதை எடுக்க மாமாவுக்கு வெட்கம். நாள் முழுக்க வெறுங்காலோடு நடந்தார்.

அதற்கும் மறுநாள் காலை அப்பா காக்கிச் சட்டை போடவில்லை, கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நேராகப் படத்தடிக்குப் போய்க் குனிந்தார். மாமாவின் செருப்பைத் தன் இரண்டு கையாலும் எடுத்துவந்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாமாவின் காலருகே வைத்தார்.

"ஐயையோ, நீங்க போயி அத..." என்று அம்மா பதறினாள். வயதில் மூத்தவர், அக்காள் புருஷன், மச்சினன் செருப்பைக் கையால் தொடுவதாவது!

அப்பா யாரையும் பார்க்கவில்லை. "மச்சான்" என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். "பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். தொண்டைக்கு. எனக்கு... கொஞ்சம் கூட வர்றியா?"

மாமா உடனே செருப்பை மாட்டிக்கொண்டார். வாரில் குங்குமம் அப்படியே இருந்தது. இருவரும் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். இரும்பையே அறுத்துப் போடுகிற அப்பாவுக்கு, ராத்திரி ஷிப்டுக்குச் சுடுகாட்டு வழியாகத் தனியாகச் சைக்கிளில் போகிற அப்பாவுக்கு, பட்டப்பகலில் பட்டணம் போக எதற்குத் துணை என்று எனக்கு விளங்கவில்லை. அந்த ரயிலில் அவர்கள் இன்னும் பலமுறை சேர்ந்து போவார்கள் என்பதோ, ஒருநாள் மாமா மட்டும் தனியாகத் திரும்பி வருவார் என்பதோ எனக்கு எப்படித் தெரியும்? வாசலில் நின்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது கூட சந்தோஷத்தில்தான் என்று நினைத்தேன்.

நான் குதித்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, எங்க மாமாவுக்கு வேல கெடச்சிருச்சு!"

"அப்பிடியா! எங்கடி?"

"எங்க அப்பாகிட்டதான்!"