அவசரப்பட்டு அமுக்கிய பச்சைப் பட்டன்

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் படிப்பில் ஆறு மாதம் ஆலையில் வேலை பார்க்க வேண்டும். எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை கிடைத்தது.

மூன்றாவது வாரம், ஃபிட்டர் ரஹீம் அண்ணன் ஓர் இயந்திரத்துக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் எடுக்கப் போன நான் திரும்பி வந்தபோது அவரைக் காணவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பச்சைப் பட்டனை அமுக்கினேன். இயந்திரம் ஓடவில்லை.

"யாரு அமுக்குனது?" என்று இயந்திரத்தின் பின்பக்கத்திலிருந்து ரஹீம் அண்ணன் குரல் வந்தது.

எட்டிப் பார்த்தேன். அவர் கை முழங்கை வரை உள்ளே இருந்தது.

"நான்தாண்ணே" என்றேன்.

"ஃபியூஸக் கழட்டி என் பைக்குள்ள வச்சிருக்கேன்மா. செத்த நேரம் உக்காரு, பொறவு பேசுவோம்."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தோடு நானே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"நடந்தத அப்படியே எழுதிக் குடும்மா. புதுசா வாரவங்களுக்கு வாசிச்சுக் காட்டுவோம்" என்றார் அவர்.

பயிற்சி நல்லபடியாகத் தொடர்கிறது. இப்போதெல்லாம் இயந்திரத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்து, உடன் இருப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். "வெளியதான் நிக்கேன், போடும்மா" என்று பதில் வந்த பிறகுதான் பட்டனில் கை வைக்கிறேன்.

- மீனா, ஸ்ரீவில்லிபுத்தூர்